சேம அச்சு இல்லாத வேகம்

கிழக்குக் கடற்கரைச் சாலை பந்தயத் தடம் அன்று. இப்படி ஒரு வாக்கியத்தைக் கொண்டு ஒரு கட்டுரையைத் தொடங்க வேண்டியிருப்பது சற்று வெட்கக்கேடான நிலைமைதான். ஆயினும் எழுதியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் அச்சாலையின் ஓரம் அரைமணி நேரம் நின்று பார்த்தவர் எவருக்கும் இது விளக்கமின்றிப் புரியும். முதலில் இரைச்சல் வரும். அதன் பின்னரே வண்டி கண்ணில் படும். ஐந்தும் பத்துமாக அணி சேர்ந்து பறக்கும் உயர்திறன் மோட்டார் சைக்கிள்கள், அவற்றுக்கு ஈடாகத் தரையை உரசுவது போல் வரும் இரண்டு கதவுக் கார்கள், தலைக்கவசத்தின் உச்சியில் ஒட்டிய சிறு காமிரா. புதுச்சேரியில் காலைச் சிற்றுண்டி, மதியத்துக்குள் வீடு. இதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'பிரேக்ஃபாஸ்ட் ரைடு'. பெயரில் இட்டிலியின் வாசனை இருப்பதால் செயலும் தீங்கற்றதாகிவிடும் என்ற எண்ணம் போலும்.

எல்லாக் குழுக்களும் இப்படியல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவான வேகத்தில், வரிசை குலையாமல், ஊர் வந்தால் வேகம் தணித்துச் செல்லும் குழுக்களும் உண்டு. என் வழக்கு அவர்களோடு அன்று. கைபேசித் திரையில் வேகமானியின் முள்ளைப் படம்பிடித்து ஏற்றி, கீழே சிவப்பு இதயங்களை எண்ணிக்கொண்டிருப்பவர்களோடும், அவர்களுக்கு வக்காலத்து வாங்கும் படித்த நண்பர்களோடும்தான் வழக்கு.

அச்சாலை தமிழ்நாட்டைவிட்டுப் புதுச்சேரிக்குள் நுழையுமுன் கடக்கும் கடைசி ஊர் கோட்டக்குப்பம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். 2021இல் நகராட்சியாக உயர்ந்தது. ஊருக்கு வடக்கே தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று கடலுக்கும் சாலைக்கும் நடுவே குடியிருப்புகள். இன்னும் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். 'விடியற்காலையில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது, யாருக்கு என்ன கெடுதி?' என்று கேட்பவர் இந்த ஊர்களின் விடியலை ஒருபோதும் அறியாதவர். உப்பளத் தொழிலாளிக்கு வேலை தொடங்குவதே வெயில் ஏறுமுன்னர்தான். வெளிச்சம் வருமுன் சைக்கிளில் கிளம்பிவிடுவார். பள்ளிவாசலில் சுபுஹுத் தொழுகைக்குச் செல்லும் முதியவர் அந்நேரத்தில்தான் தெருவைக் கடப்பார். கட்டுமரமும் கண்ணாடியிழைப் படகும் கரையேறும் நேரம் அது. கூடையைத் தலையில் ஏற்றிய பெண்கள் பேருந்துக்கு நிற்பதும் அப்போதுதான். சென்னைக்காரர் உறங்கும் நேரமெல்லாம் உலகம் உறங்கும் நேரம் என்று கொள்வது ஒருவகை நகரத்து மேட்டிமை.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். இலக்கியப் பக்கத்தில் கணக்கா என்று முகம் சுளிக்க வேண்டாம், சிறிய கணக்குதான். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். 150 என்பது நொடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், நல்ல தாரில் நல்ல டயரோடு, 60இல் வருபவர் முழுதும் நிற்க ஏறக்குறைய 45 மீட்டர் வேண்டும். 150இல் வருபவருக்கு 187 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டரை மடங்கு கூடினால் வண்டி சுமக்கும் ஆற்றல் ஆறேகால் மடங்கு கூடுகிறது. இயற்பியல் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. இப்போது இதையே சாலையைக் கடப்பவரின் பக்கமிருந்து பாருங்கள். 7 மீட்டர் தாரைக் கடக்கச் சாதாரண நடையில் ஆறு நொடி. அந்த ஆறு நொடியில் முதல் வண்டி 100 மீட்டர் வரும். இரண்டாவது 250 மீட்டர் வந்துவிடும். கூடைக்காரப் பெண் இடமும் வலமும் பார்த்துவிட்டுத்தான் காலெடுத்து வைக்கிறாள். இருநூறு மீட்டருக்கு அப்பால் ஒரு புள்ளி தெரிகிறது. அவள் வாழ்நாள் அனுபவம் முழுவதும் 'தாராளமாகக் கடக்கலாம்' என்கிறது. அந்த அனுபவம் பேருந்தையும் லாரியையும் பார்த்துப் பெற்றது. அதைப் பொய்யாக்கும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது? விபத்துக்குப் பின் 'குறுக்கே வந்துவிட்டாள்' என்று செய்தித்தாள் எழுதும். அவள் குறுக்கே வரவில்லை. அவள் ஊரின் குறுக்கே இவர்கள் வந்தார்கள்.

மரக்காணம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. உமணரின் வண்டி வரிசை அந்நூலிலும் வருகிறது. உப்பை ஏற்றிக்கொண்டு இக்கடற்கரைகளிலிருந்து உள்நாட்டுக்கு ஏறிய அவ்வண்டிகளைப் பற்றி நான் திரும்பத் திரும்ப எண்ணுவது புறநானூற்றின் 102ஆம் பாட்டை வைத்துத்தான். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. மேடும் பள்ளமும் வரும், வழியில் என்ன நேரும் என்று யாரறிவார் என்றெண்ணி, உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு கிளம்புவர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். (இன்று சேமநிதி என்கிறோமே, அதே சேமம்.) அரசனைப் புகழ ஔவைக்கு அந்த மாற்று அச்சு உவமையாகிறது. யானையும் வேலும் பாடி அலுத்த ஒரு மரபில், வண்டிக்கு அடியில் தொங்கும் ஒரு மரத்துண்டை அரசனுக்கு உவமையாக்கும் துணிவை என்னவென்று சொல்வது! வண்டி ஓட்டுவது என்றால் அச்சு முறியும் என்று எதிர்பார்ப்பதும் அதில் அடங்கும் என்ற அறிவு, மாட்டு வண்டியின் வேகத்தில் சென்றவர்களுக்கு இருந்தது. மணிக்கு 200இல் போகிறவர்களுக்கு இல்லை.

இல்லை என்று முழுதாகச் சொல்வதும் தவறு. அந்த அறிவு இன்றும் ஓரிடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் பந்தயத் தடம். நம் இலக்கிய நண்பர்கள் மோட்டார் பந்தயம் என்றாலே பணக்காரப் பிள்ளைகளின் கொழுப்பு என்று ஒதுக்கிவிடுவதால் அங்கே உள்ள ஒழுக்கம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. சாலையில் பறப்பவர்களோ, தடத்தின் பெருமையை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு ஒழுக்கத்தை வாசலில் விட்டுவிடுகிறார்கள். இரு தரப்பாரும் ஒருமுறை 'டிராக் டே' ஒன்றுக்கான ஆயத்தத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

'டிராக் டே' என்பது போட்டியன்று. கார்க் கழகமோ பயிற்சிப் பள்ளியோ ஒரு நாளைக்குத் தடத்தைக் கட்டணத்துக்கு எடுத்து, உறுப்பினர்கள் தம் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்ட இடம் தருவது. பரிசு கிடையாது, பெரும்பாலான இடங்களில் நேரம் குறிப்பதையே தடுத்துவிடுவார்கள். ஆயத்தம் ஒரு வாரம் முன்னரே தொடங்கும். முதலில் பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கடற்கரை ஊர்களில் ஈரம் ஏறுவதற்குக் கேட்க வேண்டுமா? தடத்தில் வளைவுக்கு வளைவு ஓங்கி மிதிக்கையில் அந்த எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி அடிவரை இறங்கிவிடும், வண்டி நிற்காது. ஆகவே பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றாமல் அனுபவமுள்ளவர் எவரும் தடத்துக்கு வருவதில்லை. பிரேக் கட்டையின் கனம் பார்ப்பது, டயரின் பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ உண்டா என்று விரலால் தடவிப் பார்ப்பது, குளிர்ந்த நிலையில் காற்றழுத்தம் குறித்துக்கொண்டு ஓட்டம் முடிந்தபின் மறுபடி அளப்பது, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் முடுக்குவது, பேட்டரி அசையாமல் கட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பது. பின்பு காரைக் காலி செய்வது. தரை விரிப்பு, தண்ணீர்ப் பாட்டில், பின்னிருக்கையில் குழந்தையின் பொம்மை, கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சையும் மிளகாயும், எல்லாம் வெளியே. பிரேக் மிதியின் அடியில் உருண்டுபோய்ச் சிக்கிக்கொள்ளும் ஒரு பாட்டில் போதும், மற்ற ஆயத்தம் அத்தனையும் வீண்.

ஓட்டுபவரின் உடைக்கும் விதி உண்டு. முழுக்கைப் பருத்திச் சட்டை, நீண்ட காற்சட்டை, மூடிய செருப்பு. நைலான் கூடாது, தீயில் உருகித் தோலோடு ஒட்டும். கார் ஓட்டுபவருக்கான தலைக்கவசம் வேறு, மோட்டார் சைக்கிளுக்கானது வேறு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ஸ்நெல் அறக்கட்டளையின் தரநிர்ணயத்தில் காருக்குரிய எஸ்.ஏ. வகை தீத் தாங்கும் சோதனையைக் கடந்தாக வேண்டும்; மோட்டார் சைக்கிளுக்குரிய எம். வகைக்கு அச்சோதனை இல்லை. காருக்குள் சிக்குபவருக்குத் தீ ஓர் எதிரி, சாலையில் தூக்கியெறியப்படுபவருக்கு வேறு எதிரி என்று பிரித்தறிந்து ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இத்தகைய விதி நூல்களை வாசிக்கையில் எனக்கு உரையாசிரியர்களின் நினைவு வரும். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு காரணம். பல காரணங்களுக்குப் பின்னால் ஒரு பிணம்.

காலையில் தடத்துக்கு வந்ததும் வண்டித் தணிக்கை. எண்ணெய்க் கசிவு ஒரு சொட்டு இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அச்சொட்டு விழப்போவது அவர் வழியில் மட்டுமன்று, பின்னால் வருபவர் வழியிலும். அடுத்தது ஓட்டுநர் கூட்டம். அதில் கலந்துகொள்ளாதவருக்குத் தடத்தில் இடமில்லை, அவர் எத்தனை கோடி ரூபாய்க் காரில் வந்திருந்தாலும். கொடிகளின் பொருள் அங்கே சொல்லப்படும். மஞ்சள்: முன்னே ஆபத்து, வேகம் தணி, முந்தாதே. சிவப்பு: ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகப் பிட்டுக்குத் திரும்பு. நீலம்: பின்னால் விரைந்து வருபவருக்கு வழி விடு. மஞ்சளில் செங்கோடுகள்: தரை வழுக்கும். கறுப்பு: நீ உடனே உள்ளே வந்து பதில் சொல். கட்டம் போட்ட கொடி: முடிந்தது. முந்துவதற்கும் கட்டுப்பாடு உண்டு. நேர்ப்பாதையில் மட்டுமே, அதிலும் முன்னால் இருப்பவர் கையை நீட்டி 'இந்தப் பக்கம் வா' என்று காட்டிய பின்னரே. இதை எண்ணிப் பாருங்கள். வேகத்துக்கென்றே கட்டிய இடத்தில், வேகத்துக்காகவே காசு கொடுத்து வந்தவர்கள், ஒருவரையொருவர் அனுமதி கேட்டு முந்துகிறார்கள். அதே மனிதர் மறுநாள் கடற்கரைச் சாலையில் அரசுப் பேருந்தின் இடப்பக்கம் புகுந்து முந்தினால் அவரை என்ன சொல்வது?

ஓட்டம் தொடங்குமுன் ஆம்புலன்ஸ் வந்து நிற்க வேண்டும், தீயணைப்பு ஆயத்தமாக வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் மார்ஷல் கொடியோடு நிற்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அடுத்தது வரும்வரை தடம் மூடியிருக்கும். இருபது நிமிட ஓட்டம் முடிந்தபின் கடைசிச் சுற்றை மெதுவாகச் சென்று பிரேக்கை ஆற வைப்பார்கள். நிறுத்தியதும் கைப்பிரேக் போடக்கூடாது, கொதிக்கும் தட்டில் கட்டை பொசுங்கி ஒட்டும். கல் வைத்து நிறுத்துவார்கள். உப்பு வண்டிக்காரரும் அப்படித்தான் கல் வைத்திருப்பார்.

சேம அச்சின் கதை ஐரோப்பாவிலும் ஒன்று உண்டு. 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் முதல் சுற்றிலேயே மழை. ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் தடம் விட்டுப் பறந்து நொறுங்கியது. உடைந்த தொட்டியின் பெட்ரோலில் நனைந்தபடி, ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே அவர் ஏறத்தாழ 25 நிமிடம் சிக்கிக் கிடந்தார். ஒரு பொறி விழுந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். காப்பாற்ற வந்தவர்கள் மார்ஷல்கள் அல்லர். அதே மழையில் தடம் விட்டு வழுக்கிய சக ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரண்டும். ஸ்டியரிங்கைக் கழற்ற ஸ்பேனர் இல்லை. வேடிக்கை பார்த்த ஒருவரின் கருவிப் பெட்டியிலிருந்து இரவல் வாங்கினார்கள். அதன்பின் ஸ்டூவர்ட் தாம் ஓட்டிய கார்களின் ஸ்டியரிங்கில் ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொள்ளலானார். வண்டிக்கு அடியில் அச்சு, ஸ்டியரிங்கில் ஸ்பேனர். தடுப்புவேலி, மருத்துவ ஏற்பாடு, இருக்கைப் பட்டை என்று அவர் கேட்கக் கேட்க, பந்தயத்தின் வீரக்கவர்ச்சியையே கெடுக்கிறார் என்று பலர் அவரைப் பழித்தனர். மும்முறை, 1969, 1971, 1973 ஆண்டுகளில், உலக வாகையர் பட்டம் வென்ற மனிதரை அச்சம் மிக்கவர் என்றனர். வேகத்தை அறியாதவரே அச்சத்தை இழிவாகப் பேசுவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

'ஜெர்மனியில் ஆட்டோபான் இருக்கிறதே, அங்கே வரம்பே இல்லையே' என்பது தவறாமல் வரும் வாதம். ஆட்டோபானில் ஆள் நடக்கக்கூடாது, சைக்கிள் ஏறக்கூடாது, குறுக்குத் தெரு இல்லை, மாட்டுக்கு வழி இல்லை. வலப்பக்கம் முந்துவது குற்றம். வரம்பற்ற பகுதிகளிலும் 130 என்பது பரிந்துரைக்கப்பட்ட வேகம். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதை அந்நாடு 2017இல் குற்றவியல் சட்டத்திலேயே சேர்த்துச் சிறைத்தண்டனைக்குரியதாக்கியது. அந்த ஆட்டோபானையும் கோட்டக்குப்பத்தையும் ஒப்பிடுபவர் இரண்டில் ஒன்றையாவது பார்த்ததில்லை. நம் சட்டமும் ஊமையன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துமூல இசைவின்றிப் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதைத் தடுக்கிறது. தொடக்கத்தில் ஒரு மாதச் சிறை அல்லது 500 ரூபாய் என்று பரிதாபமாக இருந்த தண்டனை, 2019 திருத்தத்தில் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றாயிற்று. ஒரு கோடி ரூபாய்க் காரின் ஒரு டயர்கூட 5,000 ரூபாய்க்கு வராது என்பது வேறு விஷயம். காப்பீட்டு ஒப்பந்தத்தையும் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்துவது அதில் விலக்கப்பட்டிருக்கும்.

'நாங்கள் முழுக்கவசம் அணிகிறோம். விலையுயர்ந்த தோலுடுப்பு, முதுகுக் காப்பு, எல்லாம் உண்டு' என்பது இரண்டாவது. இது வாதமே அன்று, வாக்குமூலம். கவசம் அணிந்தவரைக் காக்கும். தடத்தின் விதிகள் பெரும்பாலும் மற்றவரைக் காப்பதற்கானவை. தன் எண்ணெய் மற்றவர் வழியில் சொட்டாமை, தன் அவசரம் மற்றவரின் வளைவில் நுழையாமை, தன் தவறை மற்றவருக்குக் கொடி காட்டிச் சொல்லுதல். கவசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றை விட்டுவிட்டு வருபவர் தடத்திலிருந்து தம் உயிரின் காப்பை மட்டும் கொண்டுவந்திருக்கிறார். உப்பளத்துக்குச் சைக்கிளில் போகிறவருக்கு முதுகுக் காப்பு யார் தந்தார்கள்?

மூன்றாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. என் நண்பர்கள் பலரின் தரப்பு அது. 'இந்த மேட்டுக்குடி விளையாட்டுக்கு நீர் ஏன் பரிந்து பேசுகிறீர்? மொத்தமாகத் தடை செய்தால் என்ன?' 1955இல் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 80க்கும் மேற்பட்டோர் இறந்தபின் சுவிட்சர்லாந்து தடப் பந்தயங்களைத் தடை செய்தது. அத்தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டு தடையிருந்தும் சுவிஸ் நாட்டவர் பந்தயம் ஓட்டாமல் இல்லை. எல்லை கடந்து போய் ஓட்டினர். நமக்கு எல்லை கடக்கத் தேவையில்லை. சுங்கச்சாவடியைக் கடந்தால் போதும், கடற்கரைச் சாலை விரிந்து கிடக்கிறது. தடையின் விலையைக் கோட்டக்குப்பம் கொடுக்கும், நுங்கம்பாக்கம் கொடுக்காது. மேட்டுக்குடி விளையாட்டு என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? ஆனால் சோழவரத்தின் நினைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப்போரில் போடப்பட்டுப் பின் கைவிடப்பட்ட அந்த விமானத் தளத்தில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டு பந்தயம் நடத்தியது. ஓட்டியவர்கள் சீமான்களாக இருக்கலாம். வேடிக்கை பார்க்கத் திரண்ட ஆயிரக்கணக்கானோர் பேருந்தில் வந்தவர்கள். கோவையில் கரிவரதன் உள்நாட்டிலேயே பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டினார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இன்று ஒரு தடம் இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானது அந்தக் கோவை மண்ணிலிருந்துதான். இது நம் தொழிற்பண்பாட்டின் ஒரு பகுதி. லேத்துப் பட்டறையின் கவிதை என்று சொல்லத் தோன்றுகிறது, மிகையாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

சாலையைத் தடமாக்க என்ன வேண்டும் என்பதைச் சென்னை 2024இல் கண்ணால் பார்த்தது. ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையில் இரவுப் பந்தயம். அதற்குச் செலவிட்ட பணத்தைப் பற்றியும், நகரின் நடுவில் நடத்தியதைப் பற்றியும் கடுமையான விமரிசனங்கள் எழுந்தன. அவற்றில் சிலவற்றோடு எனக்கு உடன்பாடே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது முதலில் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது. மிக்ஜாம் புயலால் தள்ளிப்போயிற்று. நடந்தபோதும் வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் பாதுகாப்புச் சான்று கையில் வராமல் ஓட்டக்கூடாது என்றாயிற்று. சான்று வர முதல்நாள் மாலையாகிவிட்டது, கெடு நீட்டிக்கப்பட்டது, அதுவரை கார்கள் நின்றன, கூட்டம் காத்திருந்தது. அமைச்சர்கள் வந்து அமர்ந்திருக்கும் விழாவில், மூன்றரை கிலோமீட்டர் தாரில் இரண்டு இரவு விரைவதற்கு, இருபுறமும் கான்கிரீட் தடுப்பும் கம்பிவலையும் நீதிமன்றமும் சான்றிதழும் வேண்டியிருந்தன. கடற்கரைச் சாலையின் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒரு காமிராவும் ஒரு தொட்டி பெட்ரோலும் போதும் என்றாகிறது.

தடம் கொல்லாதா? கொல்லும். மறைக்க வேண்டியதில்லை. 2023 ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் தேசியப் போட்டியொன்றில் அனுபவமிக்க ஓட்டுநர் கே.ஈ.குமார், 59 வயதில், மோதி இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று அதே தடத்தில், மோட்டார் சைக்கிள் போட்டியில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிர் நீத்தான். இவ்விரண்டாவது மரணத்தை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. சாலையில் கியர் வண்டி ஓட்டப் பதினெட்டு வயது கேட்கும் நாட்டில், தடத்தில் பதின்மூன்று போதும் என்றால், அதற்கான நியாயத்தைப் பந்தய உலகம் இன்னும் உரக்கச் சொல்லியாக வேண்டும். உலகெங்கும் பெரிய ஓட்டுநர்கள் குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறார்கள் என்ற பதில் எனக்குத் தெரியும். அது நடைமுறையைச் சொல்கிறது, நியாயத்தைச் சொல்லவில்லை. ஆயினும் சாலையில் நிகழ்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அழித்துவிடக்கூடாது. தடத்தில் இறந்தவர் அந்த ஆபத்தை அறிந்து உள்ளே சென்றவர். சிறுவன் விஷயத்தில் பெற்றோரும் கழகமும் அறிந்து அனுப்பியவர்கள். ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் யார் எங்கே நின்றார்கள், எது முறிந்தது என்று கேட்க ஓர் அமைப்பு இருக்கிறது. கடற்கரைச் சாலையில் இறப்பவரிடம் எவரும் கையெழுத்து வாங்கவில்லை.

நடிகர் அஜித் குமாரின் பெயரைச் சொல்லாமல் தமிழில் இவ்விஷயத்தை எழுதுவது அரிது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவர் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்று நொறுங்கியது. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். அந்தக் காட்சி கோடிக்கணக்கான கைபேசிகளில் சுழன்றது. 'தலைக்கு ஒன்றும் ஆகாது' என்று பரவசம். அவரைக் காத்தது நட்சத்திர அந்தஸ்து அன்று. உருக்குக் கூண்டு, பல முனைப் பட்டை, கழுத்தைத் தாங்கும் காப்பு, மோதலை வாங்கிக்கொள்ளும்படி அமைத்த தடுப்பு, இவைதாம். இவற்றில் ஒன்றுகூட இல்லாத சாலைக் காரில் அதே மோதல் வேறு முடிவைத் தந்திருக்கும். 2017 மார்ச்சில் சென்னை சாந்தோமில், பந்தயத்தில் தேர்ந்த அஸ்வின் சுந்தர் தம் மனைவியோடு சென்ற கார் மரத்தில் மோதித் தீப்பற்றியது. இருவரும் வெளியே வர முடியவில்லை. தேசிய வாகையருக்கே சாலை சலுகை தரவில்லை. துபாயில் அஜித் செய்த இன்னொன்றை ரசிகர்கள் அவ்வளவாகக் கொண்டாடவில்லை. விபத்துக்குப் பின் அவர் தம் அணியின் முதன்மைக் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார். அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. என் பார்வையில் அந்த வாரத்தின் அரிய செயல் அந்த விலகலே. அதைச் சுவரொட்டியில் அச்சிட எந்த மன்றமும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

கழகங்களிடம் ஒன்று கேட்கலாம். ஆண்டுக்கொருமுறை தடத்தில் ஒழுங்காக நின்று குழுப்படம் எடுத்துக்கொள்வதோடு பொறுப்பு முடிந்துவிட்டதாக அவை கருதுகின்றன. தடத்தில் கறுப்புக் கொடியை மீறியவரை அன்றைக்கே வெளியேற்றும் கழகம், கடற்கரைச் சாலையில் 180 காட்டும் வேகமானிப் படத்தைத் தன் உறுப்பினர் பெருமையோடு பகிரும்போது ஏன் வெளியேற்றுவதில்லை? சான்று தேடி அலைய வேண்டாம். குற்றவாளியே படமெடுத்து, நேரமும் இடமும் குறித்து, பாட்டும் சேர்த்துத் தருகிறார். காவல்துறைக்கும் இதையே சொல்லலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலை நாற்வழியாகிக்கொண்டிருக்கிறது. அகலம் கூடக்கூட வேகம் கூடும். கடக்க வேண்டிய தாரும் கூடும். நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ எங்கெங்கே வேண்டும் என்பதை உப்பளத்தாரிடமும் கோட்டக்குப்பத்தாரிடமும் கேட்டறிந்து அமைப்பதற்கு உரிய காலம், தார் போட்டு முடிக்குமுன்.

தடத்துக்குப் போக வழியில்லை, வசதியில்லை என்று சொல்பவர்களுக்காக ஒரு தகவல். சென்னையிலிருந்து கோட்டக்குப்பம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 1990 முதல் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைத் தடம், 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள், ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். போகும் வழியில் இட்டிலியும் கிடைக்கும்.